மகாவீர் சக்கரமும் மகாவீரர் நெறியும்

தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில் என் அத்தையாரின் இல்லம் உள்ளது. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் நிலபுலங்களோடு வாழ்ந்த அக்குடும்பம், பிள்ளைகளின் கல்வியையும் அலுவலையும் முன்னிட்டுச் சென்னைப் புறநகரில் குடியேறி ஆண்டுகள் பல ஆயின. இடம் மாறியதேயன்றி ஒழுக்கம் மாறவில்லை. எண்பது வயதைக் கடந்த அத்தையார் இன்றும் கதிரவன் மறைந்தபின் எதையும் உட்கொள்வதில்லை. வடிகட்டாத தண்ணீர் அவ்வீட்டுச் சமையலறைக்குள் சென்றதில்லை. சென்ற டிசம்பர்த் திங்களில் அவ்வில்லத்தில் எழுந்த ஒரு வழக்கே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அத்தையாரின் பேரன் கல்லூரியில் இறுதியாண்டு பயில்பவன். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் பயிற்சி விமானங்களைச் சிறுவயது முதலே மொட்டைமாடியிலிருந்து பார்த்துப் பழகியவன். ஆயினும் அவன் மனம் வானத்தில் நிற்காமல் கடலில் சென்று தங்கியது. கடற்படையில் அதிகாரியாகச் சேர வேண்டும் என்பது அவன் விருப்பம். டிசம்பர் 9-ஆம் நாளன்று, வெண்ணிறச் சீருடை அணிந்த கடற்படைக் கப்டன் ஒருவரின் படத்தைக் கொண்டுவந்து, பூசையறையில் பார்சுவநாத பகவானின் திருவுருவப் படத்துக்கு அருகில் வைத்து, விளக்கேற்றி வணங்கியிருக்கிறான். மாலையில் பஞ்சநமஸ்காரம் சொல்லச் சென்ற அத்தையார் அதைக் கண்டார். சினம் கொள்ளவில்லை. படத்தை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து, கூடத்து மேசைமேல் வைத்துவிட்டு வந்து, "கொல்லப் போனவர் படத்துக்குப் பகவான் பக்கத்தில் என்ன வேலை?" என்று மட்டும் கேட்டார்.

"கொன்றவர் இல்லை பாட்டி, தம் உயிரைக் கொடுத்தவர்" என்றான் பேரன்.

"கொடுக்கத்தான் போனாரா?" என்றார் அத்தையார்.

அதற்குப் பேரனிடம் மறுமொழி இல்லை. சாத்திரம் சிறிது படித்தவன் என்று என்னைப் பற்றி அவர்கள் கொண்டிருக்கும் எண்ணத்தால், மறுநாள் என்னிடம் வந்தது வழக்கு. "நீயே சொல்லு தம்பி" என்றார் அத்தையார். அன்று என்னால் தெளிவாகச் சொல்ல இயலவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியும் மனத்துள் ஆராய்ந்தும் கண்டவற்றை அன்பர்கள் முன் வைக்கிறேன். நம் இளைஞர் பலர் இன்று பல துறைகளிலும் புகுவதால், இதே கேள்வி வேறு இல்லங்களிலும் எழக்கூடும்.

முதலில் அந்தப் படத்திலிருந்தவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் கப்டன் மகேந்திரநாத் முல்லா. 1926-ல் கோரக்பூரில் பிறந்தவர். 1971-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டபோது 'குக்ரி' என்னும் போர்க்கப்பலின் தலைவராக இருந்தார். நம் மேற்குக் கடலில் பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று உலவுவதாகத் தெரியவந்ததும், அதைத் தேடி அழிக்கக் குக்ரியும் அதன் துணைக் கப்பலான 'கிர்பான்' என்பதும் பம்பாயிலிருந்து அனுப்பப்பட்டன. தேடிச் சென்றவர்களை, தேடப்பட்டதே முதலில் கண்டுகொண்டது. 'ஹங்கோர்' என்ற அந்த நீர்மூழ்கிக் கப்பல், டிசம்பர் 9-ஆம் நாள் இரவு எட்டு மணிக்குமேல், டையூ கடற்கரைக்கு அப்பால் சுமார் 40 கடல் மைல் தொலைவில், முதலில் கிர்பானை நோக்கி ஒரு டார்பிடோவை ஏவியது. அது பயனற்றுப் போயிற்று. அடுத்தது குக்ரியைத் தாக்கிற்று. சில நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. அதிகாரிகள் 18 பேரும் மாலுமிகள் 176 பேரும், ஆக 194 பேர் மாண்டனர். உயிர் தப்பியவர்கள் 67 பேர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீர்மூழ்கிக் கப்பலால் ஒரு போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது உலகில் அதுவே முதன்முறை.

கப்டன் முல்லாவின் மறைவுக்குப்பின் அரசு அவருக்கு மகாவீர் சக்ரா விருதை வழங்கியது. அதற்கான பாராட்டுரை கூறும் செய்தி இது: கப்பல் பிழைக்காது என்று கண்டதும், அதைக் கைவிட்டு வெளியேறுமாறு அவர் ஆணையிட்டார். தம் நலத்தைக் கருதாமல் மற்றவர்களை வெளியேற்றும் ஏற்பாடுகளை நின்று கவனித்தார். தமக்கு உரிய உயிர்காப்புச் சாதனத்தை ஒரு மாலுமிக்குக் கொடுத்தார். இயன்றமட்டும் பலரை வெளியேற்றியபின், இன்னும் எவரையேனும் மீட்க வழியுண்டா என்று பார்க்கக் கப்பலை நடத்தும் மேல்தளத்துக்குத் திரும்பிச் சென்றார். கப்பலோடு அவர் மூழ்கியதே அவரைக் கடைசியாகக் கண்டவர்கள் கண்ட காட்சி.

விருதின் பெயரைக் கேட்டதும் அத்தையார் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மகாவீரர் பெயரிலா கொடுக்கிறார்கள்?" என்றார். பெயர் ஒன்றே, பொருள் வேறு. பெருவீரச் செயலுக்குரிய சக்கரம் என்பதே அரசு கருதிய பொருள். போர்க்கால விருதுகளுள் பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த நிலையில் உள்ளது அது. வர்த்தமான பகவானுக்கு அப்பெயர் வந்தது எவரையும் வென்றதனால் அன்று, தம்மை வென்றதனால். நாம் சக்கரம் என்றால் நினைப்பது பகவானின் முன் செல்லும் அறவாழியை. அந்தச் சக்கரம் எவர் தலையையும் கொய்ததில்லை. ஆனால் 'வீரம்' என்ற சொல்லை நம் முன்னோர் போர்க்களத்திலிருந்தே எடுத்தார்கள் என்பதையும் மறுக்க இயலாது. 'ஜினர்' என்றாலே வென்றவர்தாமே.

இனி வழக்குக்கு வருவோம். கொல்லாமையைத் தலையான அறமாகக் கொண்ட நாம், போரில் மாண்ட வீரரை நினைந்து போற்றலாமா? போற்றினால் அது எவ்வகையான பரிணாமம்?

நம் ஆசிரியர்கள் இம்சையை நான்காக வகுத்தனர் என்பது அன்பர்கள் அறிந்ததே. கொல்ல வேண்டும் என்று கருதியே செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் முதலிய மனைவாழ்வில் நேர்வது ஆரம்பி. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்யோகி. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் நாட்டையும் காக்க எதிர்த்து நிற்கையில் நேர்வது விரோதி. அணுவிரதம் ஏற்ற இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டியது சங்கல்பியையே. மற்ற மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். இதைக்கொண்டு, நாட்டைக் காக்கச் செய்யும் போர் இல்லறத்தானுக்கு விலக்கப்பட்டதன்று என்று நம்மவர் பலர் எளிதாகச் சொல்லிவிடுவர். ஆனால் விலக்கப்படவில்லை என்பது ஒன்று, வினை கட்டாது என்பது வேறொன்று. விரோதி இம்சையும் இம்சையே என்றுதான் ஆகமம் அதற்கு அப்பெயரை வைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை நாம் மேடைகளில் விழுங்கிவிடுகிறோம் என்பது என் நெடுநாளைய குறை.

அத்தையாரிடம் நான்கு வகை இம்சையைச் சொன்னேன். "அது எனக்கும் தெரியும். எதிரி வீட்டு வாசலில் வந்து நின்றால் தடுப்பது சரி. இவர் தேடிக்கொண்டு போயிருக்கிறாரே!" என்றார். கேள்வி கூர்மையானது. குக்ரி தேடிச் சென்றதுதான் உண்மை. ஹங்கோரைக் கண்டிருந்தால் அதனுள் இருந்த அனைவரையும் கடலுக்கடியிலேயே மாய்த்திருக்கும். சில நாள்களுக்கு முன், டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினத்துக்கு அருகே பாகிஸ்தானின் 'காஜி' என்ற நீர்மூழ்கிக் கப்பல் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோருடன் மூழ்கிற்று. அவர்களுள் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களும் தாய்மார் பெற்ற மக்களே. குக்ரியை வீழ்த்திய ஹங்கோரின் தலைவர் அகமது தஸ்னீமுக்கு அவருடைய நாடும் வீர விருது அளித்தது. ஒரே இரவு, ஒரே கடல், இரு கப்பல்கள், இரு விருதுகள். வினையின் கணக்கு மட்டும் எந்த நாட்டின் கொடியையும் பார்ப்பதில்லை.

இங்கே எனக்கு நினைவுக்கு வந்தது வருணன் என்னும் சிராவகனின் கதை. சுவேதாம்பரர் போற்றும் பகவதி சூத்திரத்தில் உள்ளது இது. அவ்வாகமத் தொகுதியை நம் திகம்பர மரபு ஏற்பதில்லை. எனினும் இக்கதையின் கருத்தை ஏற்பதற்குத் தடையில்லை என்றே கருதுகிறேன். வைசாலி அரசர் சேடகருக்கும் மகத அரசன் கூணிகனுக்கும் பெரும்போர் மூண்டது. நம் மரபில் சேடகர் மகாவீர பகவானின் தாயைப் பெற்ற பாட்டனார். வைசாலியில் வாழ்ந்த வருணன், உண்ணாநோன்புகளை முறையாகக் கடைப்பிடித்தவன். சீவ, அசீவ தத்துவங்களை உணர்ந்தவன். அரசாணையால் போருக்குச் செல்ல நேர்ந்தது. தன்னை முதலில் தாக்கியவனையன்றி எவரையும் தாக்குவதில்லை என்று விரதம் பூண்டு தேரேறினான். அவனைப் போன்ற வயதும் தோற்றமும் உடைய ஒருவன் எதிரே வந்து, தாக்கு என்றான். நீ முதலில் தாக்காமல் நான் தாக்கேன் என்றான் வருணன். அம்பு பாய்ந்தது. உயிர்நிலையில் காயமுற்ற வருணன் பின்னரே வில்லை வளைத்தான், எதிரி மாண்டான். பிழைக்க வழியில்லை என்று உணர்ந்த வருணன் தேரைத் திருப்பி ஒதுக்குப்புறமான இடத்துக்குச் சென்றான். குதிரைகளை அவிழ்த்துவிட்டான். புல்லைப் பரப்பிக் கிழக்கு நோக்கி அமர்ந்தான். அருகரை வணங்கி, எல்லா இம்சையையும் அன்று முதல் முற்றத் துறந்து, உடம்பில் தைத்த அம்பைப் பிடுங்கிச் சமாதியில் உயிர் நீத்தான். தேவர்கள் மலர்மழை பொழிந்தனர். அதைக் கண்ட மக்கள், போரில் மாண்டவர் அனைவரும் சுவர்க்கம் புகுவர் என்று பேசத் தொடங்கினர். கௌதமர் பகவானிடம் அதுபற்றிக் கேட்டபோது, மக்கள் சொல்வது தவறு என்று பகவான் விளக்கினார் என்கிறது அந்நூல்.

மக்கள் கண்டதும் வருணனைத்தான். பகவான் கண்டதும் வருணனைத்தான். மக்கள் போரைப் போற்றினர். பகவான் போருக்குப் பின் அவன் புல்லின்மேல் அமர்ந்த சிறுபொழுதை எடுத்துக் காட்டினார். வருணன் நற்கதி பெற்றதற்குப் போர் காரணமன்று. அதே வேளையில், அவன் போருக்குச் சென்றது அந்நற்கதிக்குத் தடையாகவும் நிற்கவில்லை. இந்த இரண்டாவது பகுதியை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

தமிழ்நாட்டிலும் போரில் மாண்டவர் வீரசுவர்க்கம் புகுவர் என்ற நம்பிக்கை தொன்மையானது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள்ளன. ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் வீழ்ந்தவர்கள் வில்லும் வாளுமாக அக்கற்களில் நிற்கின்றனர். அதே வட்டாரத்தை அடுத்த செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்று இருக்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஒரே பாறையில் வரிசையாகப் பொறிக்கப்பட்ட அக்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. ஒரே மண்ணில் இருவகைக் கற்கள். எதிர்த்து நின்று மாண்டவருக்கு ஒன்று. எதிர்ப்பையெல்லாம் விட்டு மாண்டவருக்கு ஒன்று. இவற்றுள் கப்டன் முல்லாவுக்கு எது பொருந்தும் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். கடலில் மூழ்கியவருக்குக் கல் நடவும் இடமில்லை. டையூவில் கடலை நோக்கிய மேட்டில் கண்ணாடிக் கூட்டுக்குள் குக்ரியின் சிறுவடிவத்தை நிறுத்தி நினைவுச் சின்னம் அமைத்திருக்கிறார்கள்.

நடுகல் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. நிசீதிகை பொருந்துமா? பேரன் இதைக் கேட்டு மகிழ்ந்து, "அவர் கப்பலோடு போனதும் சல்லேகனை மாதிரிதானே மாமா?" என்றான். அவசரப்படலாகாது. தவிர்க்க முடியாத பேரிடர், பஞ்சம், மூப்பு, தீராப்பிணி ஆகிய நிலைகளில் அறத்தைக் காக்க உடம்பை விடுவதே சல்லேகனை என்று சமந்தபத்திரர் வகுத்தார். அவர் நூலைத் தழுவியதே நம் அருங்கலச்செப்பு. பேரிடர் என்ற அளவில் குக்ரியின் நிலை பொருந்தும். ஆனால் சல்லேகனைக்கு விரத ஏற்பும் கஷாயங்களைப் படிப்படியாகக் குறைத்தலும் உண்டு. சில நிமிடங்களில் கடல் விழுங்கிய கப்பலில் அதற்கெல்லாம் பொழுது ஏது?

மேலும் ஒன்று. வாழ வேண்டும் என்ற ஆசை எப்படிச் சல்லேகனைக்குக் குற்றமோ, விரைந்து சாக வேண்டும் என்ற ஆசையும் அப்படியே குற்றம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் முடிவு. கப்பலின் தலைவன் கப்பலோடு மூழ்க வேண்டும் என்பது கடலோடிகளிடையே நிலவும் பழம்பெருமை. அப்பெருமையைக் காக்கவே ஒருவர் தங்கிவிட்டால், அதில் மானம் என்னும் கஷாயம் கலந்துவிடும். கப்டன் முல்லாவைப் பற்றி இருவிதமாகச் சொல்கிறார்கள். அவர் தம் இருக்கையில் அமைதியாக அமர்ந்தபடியே மூழ்கினார் என்பது மக்கள் விரும்பிச் சொல்லும் காட்சி. பேரன் கொண்டுவந்த படத்தின் அடியிலும் அக்கருத்தே எழுதப்பட்டிருந்தது. அரசின் பாராட்டுரையோ, மேலும் யாரையேனும் மீட்க இயலுமா என்று பார்க்கத் திரும்பினார் என்கிறது. கேட்பவர் உள்ளத்தை உருக்குவது முன்னது. எனக்கு உயர்ந்ததாகப் படுவது பின்னது. சாவை நாடிப் போகவில்லை. பிற உயிரை நாடிப் போனவர், சாவு வந்தபோது விலகவில்லை. தற்கொலைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அளந்து காட்டத் தேவையில்லை. சல்லேகனை என்றும் நான் சொல்லமாட்டேன். ஜீவதயை என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

அப்படியானால் அவருடைய கடைசிச் சில நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, முந்தியவற்றையெல்லாம் மறந்துவிடலாமா? அது நமக்கு வசதியான வழி. உயிர்காப்புச் சாதனத்தைக் கழற்றிக் கொடுத்த கையே, ஹங்கோரைக் கண்டிருந்தால் தாக்குதலுக்கும் ஆணையிட்டிருக்கும். இரண்டும் ஒரே கை. பாதி மனிதரை நினைப்பது நினைவாகாது.

இங்கேதான் அனுமோதனை என்ற கருத்து நம்மைப் பிடிக்கிறது. தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதை உவத்தல் என்ற மூன்றாலும், மனம் மொழி மெய் என்ற மூன்று வாயிலாகவும் வினை வந்து சேரும். போர்வீரரைப் போற்றும்போது கொலையை உவந்தால், அந்த அனுமோதனையின் பயன் நம்முடையது, மாண்டவரைச் சேர்ந்ததன்று. 'எத்தனை எதிரிகளை வீழ்த்தினோம்' என்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்து மகிழ்கிறவர், நாற்காலியிலிருந்து எழாமலே வினையை ஈட்டிக்கொள்கிறார். அத்தையாரின் அச்சம் இதுதான். அது நியாயமான அச்சம்.

ஆனால் 'செய்வித்தல்' என்ற நடுச்சொல்லை அவர் எண்ணிப்பார்க்கவில்லை. நானும் இதுவரை எண்ணிப்பார்த்ததில்லை. நாம் வரி செலுத்துகிறோம். படையைப் பராமரிக்கும் அரசுக்கு வாக்களிக்கிறோம். வந்தவாசியில் விளைந்த நெல்லும், கடல் வழியே வரும் எரிபொருளும், செம்பாக்கத்து வீட்டின் இரவு உறக்கமும் யாரோ ஒருவர் காவல் நிற்பதால் நமக்குக் கிடைக்கின்றன. காக்கும் தொழிலை அவர் தோளில் ஏற்றிவிட்டு, அதன் பயனை நாம் துய்த்துக்கொண்டு, அத்தொழிலில் அவர் மாண்டபின் 'இவர் கொல்லப் போனவர்' என்று அவர் படத்தைத் திருப்பி வைப்பது எவ்வகை அகிம்சை? வினையை அவருக்கும் நன்மையை நமக்குமாகப் பிரித்துக்கொண்டோம் என்றுதானே ஆகும்? இதை நான் சொன்னபோது அத்தையார் நெடுநேரம் பேசவில்லை. கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று பின்னர் வருந்தினேன். எனினும் சொன்னது பொய்யென்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. கடற்படையின் வரலாற்றை எழுதிய வைஸ் அட்மிரல் ஹிரானந்தானியின் நூலில் நான் அறிந்தது. குக்ரியில் வி. கே. ஜைன் என்னும் லெப்டினன்ட் ஒருவர் இருந்தார். மின்துறை அதிகாரியான அவர், நீருக்கடியில் உள்ளதை ஒலியால் அறியும் சோனார் கருவி இன்னும் தொலைவிலிருந்து வரும் ஒலியைக் கேட்க ஏதுவாக ஒரு மேம்பாட்டை உருவாக்கியிருந்தார். அது அக்கப்பலில் சோதனையில் இருந்தது. கருவி நன்கு கேட்க வேண்டுமானால் கப்பல் மெதுவாகச் செல்ல வேண்டும். அந்த மெதுவான வேகம் பின்னாளில் பெரிதும் விவாதிக்கப்பட்டது. அவரும் கப்பலோடு மறைந்தார். பெயரைக்கொண்டு ஒருவருடைய அனுட்டானத்தை அளக்க இயலாது. ஆயினும் அந்தப் பெயரைப் படித்தபோது, 'நம்மவர் எவரும் அங்கே இல்லை' என்று என் மனத்தின் ஒரு மூலையில் நான் வைத்திருந்த ஆறுதல் விலகிப்போயிற்று.

நம் வரலாறும் வாளை அறியாததன்று. சிரவணபெளகொளாவில் பாகுபலியின் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயர் கங்க அரசின் படைத்தலைவர்; போர்க்களத்தில் பல பட்டங்கள் பெற்றவர். அவர் சம்பாதித்த போர்ப்புகழுக்கு அவரே சிலை எழுப்பிக்கொள்ளவில்லை. வென்றபின் வெற்றியைத் துறந்தவனின் உருவத்தைக் குன்றின்மேல் நிறுத்தினார். பாகுபலியின் கதையையும் இங்கே நினைக்க வேண்டும். பரதனின் படையும் பாகுபலியின் படையும் எதிரெதிர் நின்றபோது, உடன்பிறந்தார் இருவரின் பூசலுக்கு ஆயிரமாயிரம் பேர் மாளலாகாது என்று இருதரப்பு அமைச்சர்களும் விலக்கினர். பார்வைப்போர், நீர்ப்போர், மற்போர் என்று இருவர் மட்டுமே பொருதனர். நீர்ப்போர் என்றால் தடாகத்தில் இறங்கி ஒருவர் முகத்தில் ஒருவர் நீரை வாரி இறைப்பது! படையெல்லாம் கரையில் நின்று பார்த்தது. மனிதர் கண்ட கடற்போர்களுள் உயிர்ச்சேதம் இல்லாத ஒன்று இதுவாகத்தான் இருக்கும் என்று அத்தையாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அன்றைய உரையாடலில் அவர் சிரித்தது அப்போதுதான்.

இக்காலக் கடற்போரில் முகமே இல்லை. வருணன் தன்னைத் தாக்கியவனின் முகத்தைக் கண்டான். முதலில் தாக்கேன் என்று விரதம் காக்கவும் முடிந்தது. நீருக்கடியிலிருந்து வரும் டார்பிடோவிடம் அப்படி எந்த விரதமும் செல்லாது. முதலில் தாக்காதவன் பெரும்பாலும் இரண்டாவது தாக்க எஞ்சியிருப்பதில்லை. இதைப் பேரனிடம் தனியே சொன்னேன். "நீ போகாதே என்று நான் சொல்லவில்லை. சீவகன் கட்டியங்காரனைப் போரில் வீழ்த்தியவன். அவனுடைய கதையைப் பாடியவர் திருத்தக்கதேவர் என்னும் துறவி. ஆனால் போரில் செய்வதெல்லாம் புண்ணியம் என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே. செய்ய நேர்வதைச் செய்தபின் பிரதிக்கிரமணம் செய்ய மறவாதே. பெருமைக்காகப் போகாதே. எதிர்க்கப்பலில் இருப்பவனும் சீவனே என்பதை மறக்கும் நாள் வந்தால் அன்றே திரும்பி வா" என்றேன். தலையசைத்தான். எவ்வளவு பதிந்தது என்பது அவனுக்கே வெளிச்சம்.

படத்தைப் பற்றிய தீர்ப்பு எளிதாகவே அமைந்தது. பூசையறையில் அது இருக்கலாகாது என்பதே என் முடிவு. அவர் போர் செய்தவர் என்பது அதற்குக் காரணமன்று. அத்தையாரின் கணவர் அணுவிரதங்களைப் பிறழாது காத்த உத்தமர். அவர் படம்கூட அங்கே இல்லை, கூடத்தில்தான் இருக்கிறது. நாம் வழிபடுவது பஞ்ச பரமேஷ்டிகளையே. தாய் தந்தையரையும் சான்றோரையும் நாம் நினைவுகூர்கிறோம், நன்றி செலுத்துகிறோம். வழிபாடு வேறு, நினைவு வேறு. இவ்விரண்டையும் குழப்பியது பேரன் செய்த பிழை. வழிபாட்டுக்கு உரியவரல்லர் என்பதால் நினைவுக்கும் உரியவரல்லர் என்று கருதியது அத்தையார் செய்த பிழை. இரண்டில் எது பெரிது என்று கேட்டால், வயதில் பெரியவர் முன்னிலையில் நான் வாய் திறக்கமாட்டேன்.

அத்தையார் படத்தை மீண்டும் கையிலெடுத்தார். கண்ணாடியை அணிந்துகொண்டு சிறிதுநேரம் பார்த்தார். "அந்தச் சட்டையை வாங்கிக்கொண்ட பையன் பிழைத்தானா?" என்று கேட்டார். பாராட்டுரையில் அந்த மாலுமியின் பெயர் இல்லை. ஒரு மாலுமிக்கு என்று மட்டுமே உள்ளது. அதைச் சொன்னேன். "அவன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்" என்றார்.

இப்போது அந்தப் படம் கூடத்தில், என் அத்தையாரின் கணவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. இருக்கையில் அமர்ந்தபடி மூழ்கினார் என்ற வாசகத்தைப் பேரன் வெட்டி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் '9-12-1971, 194 பேர்' என்று தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறான். நான் விடைபெறும்போது மாலை ஐந்து மணி. அத்தையார் கதிரவன் மறைவதற்குள் உணவை முடித்துவிட அமர்ந்திருந்தார். உண்ணத் தொடங்குமுன் பேரனை அழைத்து, "கப்பலில் பொழுது சாயறதுக்கு முன்னே சாப்பாடு போடுவாங்களா?" என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னான்.